நாரத்தம்பூ விரிப்பில் மிஷ்மிஷா

ஷெத்லியாவின் முற்றத்தில் ஒரு செடி பிழைத்து நிற்கிறதென்றால் அது இரண்டு பேரிடமிருந்து தப்பித்த செடி என்று அர்த்தம். முதல் ஆள் உம்தா. ஆமைதான். எங்கள் பக்கத்தில் ஊர்த்தலைவரை உம்தா என்போம். தினமும் காலையில் அது வரி வசூலுக்குக் கிளம்புகிறவரைப்போல முற்றத்தை ஒரு சுற்று வரும், எட்டுகிற தழையில் எல்லாம் ஒரு வாய் எடுத்துக்கொள்ளும், யாரையும் நிமிர்ந்து பார்க்காது. அதனால்தான் அந்தப் பெயர். இரண்டாவது ஆள் மிஷ்மிஷா. ஆப்ரிகாட் பழ நிறத்தில் ஒரு பூனை. அது தழை தின்னாது. ஆனால் எங்கே எதைப் புதிதாக நட்டாலும், உள்ளே என்னத்தை ஒளித்து வைக்கிறார்கள் என்று தோண்டிப் பார்க்காவிட்டால் அதற்குத் தூக்கம் பிடிக்காது.

ஷெத்லியா செய்யாத வைத்தியம் இல்லை. எலுமிச்சைத் தோலைத் தூவினாள், காபிச் சக்கையைக் கொட்டினாள், ரோஜா முள்ளை வெட்டிப் பாத்தியில் செருகினாள். மிஷ்மிஷா முள்ளுக்கு நடுவிலேயே இடம் பார்த்துப் படுத்தது. குயவர் ஊரான எங்கள் நாபுலில் உடைந்த பானைக்கும் ஓட்டுக்கும் பஞ்சமா என்ன? பாத்தியைச் சுற்றி ஓடுகளை நட்டு மதில் கட்டினாள். உம்தா இரண்டு நாள் மதிலைச் சுற்றி யோசித்துவிட்டு மூன்றாம் நாள் தலையால் முட்டிச் சாய்த்தது. கடைசியில் திருநீற்றுப்பச்சை ஜன்னல் விளிம்புக்கு ஏறியது. புதினா கிணற்றுமேட்டுக்குப் போனது. மல்லிகைத் தொட்டிக்கு ஒரு கால் போன நாற்காலி ஆசனமாயிற்று. தரையில் மிஞ்சியது மருக்கொழுந்துப் பாத்தியும், கசப்பாக இருப்பதால் உம்தா வேண்டாமென்று விட்ட ரோஸ்மேரியும்தான். "வெள்ளிக்கிழமை சந்தைக்கு உங்க ரெண்டு பேரையும் கூடையில போட்டுக் கொண்டுபோயி, எவன் இலவசமா வாங்குறானோ அவன் தலையில கட்டுறேன்" என்று காலையில் சபதம் செய்வாள். சாயங்காலம் மத்தி மீன் தலைகளைப் பொறுக்கித் தனியாக எடுத்து வைப்பவளும் அவளேதான்.

ஆனால் இந்த வருஷம் அவளுடைய கவலை செடியைப் பற்றியோ பிராணிகளைப் பற்றியோ இல்லை. மகள் ஹாஜரைப் பற்றி.

ஹாஜரைச் சூஸ் நகரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துப் பிள்ளை உண்டாகி, மாதம் நிறைந்து, போன இலையுதிர் காலத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உயிர் இல்லாமல் பிறந்தது. உடம்பு தேறட்டும் என்று தாய்வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். உடம்பு தேறிவிட்டது. அவள் திரும்பிப் போகவில்லை. புருஷன் ஸ்லீம் ஞாயிறுதோறும் துறைமுகத்திலிருந்து மீன் வாங்கிக்கொண்டு வருவான், ஒரு காபி குடிப்பான், அவள் முகத்தைப் பார்ப்பான், போய்விடுவான். சண்டை ஒன்றுமில்லை. அவளுக்குப் பேச்சே இல்லாமல் போயிருந்தது. சின்ன வயதில், ரோஸ்மேரியை ஒடித்து முயல் கூண்டில் போட்டதற்கு அம்மாவோடு தெரு அதிரச் சண்டை போட்ட பெண். இப்போது "உப்பு போதுமா?" என்று கேட்டால் "போதும்." உப்பே போடாவிட்டாலும் "போதும்."

இதற்கு ஷெத்லியா கண்டுபிடித்த மருந்து ஒன்றே ஒன்று: வீட்டில் யாரும் பிள்ளைப் பேச்சு எடுக்கக்கூடாது. பக்கத்து வீட்டு வஸீலாவிடம் பேரனைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டாள். தொலைக்காட்சியில் குழந்தை சோப்பு விளம்பரம் வந்தால் கணவர் மோன்ஜி ஓடிப் போய் சேனலை மாற்ற வேண்டும். மிஷ்மிஷாவின் வயிறு பெருக்க ஆரம்பித்தபோது, "உன் பாபா மீனாப் போட்டுப் போட்டு இத ஊதவெச்சுட்டார்" என்று மகளிடம் ஒரு பொய்யைச் சொல்லிவைத்தாள். ஹாஜர் பூனையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள்.

ஷெத்லியாவுக்கு உள்ளே இன்னொன்றும் இருந்தது, அது மோன்ஜிக்கு மட்டும் தெரியும். பிள்ளை பிறந்த வீட்டில் பார்க்க வருகிறவர்களுக்கு எள்ளும் பருப்பும் தேனும் அரைத்த இனிப்பு கொடுப்போம் அல்லவா, அதைப் பிள்ளை பிறந்த பிறகுதான் செய்ய வேண்டும். இவள் ஆசை தாங்காமல் மகளுக்கு எட்டாம் மாதமே எள்ளை வறுத்து, இனிப்பைக் கிளறி, ஜாடியில் நிரப்பி வைத்துவிட்டாள். பிறகு அந்த ஜாடியைப் பார்க்கவே முடியாமல், முகம் தெரியாத ஒரு தெருவில் முகம் தெரியாத ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். என் கைதான், என் அவசரம்தான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. மகள் இப்படியே உறைந்துபோய்விடுவாளோ என்கிற பயம் அந்த நினைப்போடு சேர்ந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் ஏப்ரல் வந்தது. முற்றத்து நாரத்தை மரம் வெள்ளையாகப் பூத்தது.

பூத்துவிட்டால் எங்கள் ஊரில் வேறு வேலை ஓடாது. அந்தத் தெருவில் ஐந்து வீட்டுக்குப் பொதுவாக ஒரு செம்பு வாலை உண்டு. பூநீர் வடிக்கிற பாத்திரம். வீட்டுக்கு ஒரு நாள் முறை. தன் முறையில் வடிக்காமல் விட்டவள் மற்ற நாலு வீடும் முடிகிறவரை காத்திருக்க வேண்டும், அதற்குள் பூ தரையில் விழுந்து பழுப்பேறிவிடும். ஷெத்லியாவின் முறைக்கு முந்தின நாள் அவளும் மோன்ஜியும் ஏணி போட்டுப் பூப்பறித்தார்கள். வெயில் படாத வடக்கறையில் வெள்ளை விரிப்பைப் போட்டு, ஒன்றின்மேல் ஒன்று குவியாமல் பரப்பினார்கள். குவிந்தால் சூடேறிப் புளித்துவிடும். மோன்ஜி கதவைச் சாத்தினார். ஷெத்லியா போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள்.

விடிந்ததும் முதலில் அவள் கண்ணில் பட்டது மருப் பாத்தி. ஒரு மூலையில் மண் கிளறிக் கிடந்தது. "வந்துட்டியாடி உன் வேலயக் காட்ட!" என்று இல்லாத மிஷ்மிஷாவைத் திட்டிக்கொண்டே காலால் மண்ணை மிதித்துச் சமன்படுத்தினாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு வடக்கறைக்குப் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. பூ விரிப்பின் நடுவில், பூவை நன்றாக அமுக்கிப் பள்ளம் செய்துகொண்டு, மிஷ்மிஷா படுத்திருந்தது. அதன் வயிற்றோரம் மூன்று குட்டிகள்.

"ஏ மனுஷா! இங்க வா. சத்தம் போடாம வா!"

"சத்தம் போடறது நீதான்" என்றபடி மோன்ஜி வந்தார். பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "மாஷா அல்லா! மூணு!"

"என்ன மாஷா அல்லா? ஒத்த விரிப்புப் பூ போச்சு, மாஷா அல்லாவாம். நேத்து கதவச் சாத்துன்னு சொன்னேனா இல்லயா?"

"சாத்துனேன்."

"அப்ப பூனை சாவி போட்டுத் தொறந்துச்சா?"

"ஏ ஷெத்லியா, முப்பது வருஷம் தூனிஸுக்கும் இங்கயும் ஷேர் டாக்சி ஓட்டியிருக்கேன். ஒரு நாளாவது கதவச் சாத்தாம வண்டிய எடுத்திருக்கேனா?"

"ஹம்மாமெத் வளைவுல ஒரு பெரியவர் ரோட்டுல உருண்டாரே, அது?"

"அந்தாளு தானா எறங்குனாரு! அத எத்தன தடவ சொல்றது!"

"மெதுவாப் பேசு, மெதுவா!" ஷெத்லியா அவர் வாயைப் பொத்தாத குறை. "அவ எந்திரிக்கிற நேரம். குட்டிச் சத்தம் கேட்டுச்சுன்னா என்ன ஆகும்? பாத்தா என்ன ஆகும்? அவளுக்கு எல்லாம் திரும்பி வந்துரும்யா."

மோன்ஜியின் முகத்திலிருந்த மலர்ச்சி போய்விட்டது. அவர் குட்டிகளையே கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார்.

அந்த நேரம் பார்த்தா வஸீலா வர வேண்டும்? நாளைக்கு வாலை அவள் வீட்டுக்கு. அடுப்பு மூட்டியாயிற்றா என்று பார்க்க வந்தவள், நேராக வடக்கறைக்கே வந்து நின்றாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய தொண்டை. ஷெத்லியா உதட்டில் விரல் வைத்துக் காட்டியதும் அவளுக்குத் தெரிந்த வரையில் குரலைத் தாழ்த்தினாள்.

"யா லத்தீஃப்! எவ்வளவு பூடி போச்சு?"

"நடுவுல உள்ளது பூராவும். பாரு."

"போனா என்ன, அதயும் சேத்துப் போட்டுக் காச்சு. மேல வர்றது வெறும் ஆவிதான. நெருப்புல போனா எல்லாம் சுத்தம்."

"அப்படியா? சரி, அந்தக் குடுவய உனக்கே அனுப்புறேன். தெனமும் காபில ரெண்டு சொட்டு விட்டுக் குடி."

"எனக்கென்ன தலையெழுத்து!" வஸீலா மூக்கைச் சுளித்தாள். "அப்ப பூனையத் தூக்கி அந்தண்ட போடு, ஓரத்துல நல்ல பூ இருக்குல்ல."

"பெத்த பூனையத் தொடாத" என்றார் மோன்ஜி. "பயந்துச்சுன்னா குட்டியத் தின்னுடும். ஓரத்துல இருக்கறத மட்டும் அள்ளிக்கலாம். அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

மூவரும் குனிந்து, ஒரு மூச்சுச் சத்தம் வராமல், விரிப்பின் ஓரங்களிலிருந்து பூவை அள்ளினார்கள். மிஷ்மிஷா தலையைத் தூக்கி ஒவ்வொருவர் கையையும் கவனித்தது. ஷெத்லியாவின் கை கொஞ்சம் நடுப்பக்கம் போனபோது மெல்ல உறுமியது. "என் வீட்டுல, என் மரத்துப் பூவுல படுத்துக்கிட்டு என்னயே மெரட்டுறியா?" என்று ஷெத்லியா முணுமுணுத்தாள். ஆனால் கையை எடுத்துக்கொண்டாள்.

"எத்தன நாளைக்குடி மறைப்ப?" வஸீலா காதோரம் கேட்டாள். "கண்ணு தொறந்தா வீடு பூரா ஓடும்."

"அதுக்குள்ள ஏதாவது செய்வேன். கூடையில வெச்சு உன் வீட்டுக்கு அனுப்பிடுறேன்."

"என் வீட்டுக்கா? நான் கோழிக்குஞ்சு வளக்குறேன். அதுங்களுக்கு நீயா பதில் சொல்லுவ?"

வாலையை முற்றத்தில் ஏற்றினார்கள். அடியில் தண்ணீர், மேலே பூ. அதன்மேல் செம்புத் தலையைக் கவிழ்த்து, ஆவி தப்பாதபடி மாவைப் பிசைந்து இடுக்கில் அப்பி, துணியால் சுற்றிக் கட்டினாள் ஷெத்லியா. தலைமேலுள்ள தொட்டியில் குளிர்ந்த தண்ணீர். அது சூடாகச் சூடாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தீ சிறியதாக எரிய வேண்டும். பொறுமையில்லாமல் விறகைத் தள்ளினால் பூ அடிப்பிடித்து, வருகிற நீரில் தீய்ந்த வாசம் ஏறிவிடும். வாலையை விட்டு ஓரடி நகராதவள் என்று ஷெத்லியாவுக்குத் தெருவில் பெயர் உண்டு. தொழுகைக்குக்கூட அடுப்பு தெரிகிற இடமாகப் பார்த்துப் பாயை விரிப்பாள்.

வஸீலா வீட்டுக்குப் போய்விட்டாள். ஷெத்லியா மோன்ஜியை வடக்கறை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். மடியில் பட்டாணிக் கூடை. "உரிக்கிற மாதிரி இரு. அவ இந்தப் பக்கம் வந்தா ஏதாவது பேசி அனுப்பு."

"என்ன பேசறது?"

"முப்பது வருஷம் வண்டில எட்டு எட்டுப் பேரா உக்காரவெச்சு வாய் மூடாமப் பேசுனவரு கேக்குற கேள்வியப் பாரு!"

சிந்தியிருந்த பூக்களைத் தேடி உம்தா அடுப்போரம் வந்து சேர்ந்தது. அதைத் தூக்கித் திருப்பி ரோஸ்மேரிப் பக்கம் வைத்தாள். அது திரும்ப நடந்து வந்தது. மறுபடி திருப்பி வைத்தாள். அப்போதுதான் ஹாஜர் வெளியே வந்தாள்.

கண் சிவந்திருந்தது. இரவெல்லாம் தூங்கவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் தலையை வாரிக் கட்டியிருந்தாள். ஷெத்லியாவுக்கு அதைப் பார்த்ததில் ஒரு சின்ன சந்தோஷம். பதற்றத்தில் வாய் தன்பாட்டுக்கு ஓடியது. "வா கண்ணு, காபி சூடா இருக்கு. இந்த வருஷம் பூ கொஞ்சம் கம்மிதான். காத்து அடிச்சிருச்சு பாரு. நேத்து நல்ல காத்து."

"மிஷ்மிஷா எங்க உம்மா?"

மாதக்கணக்கில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி. பதிலுக்கு இப்படியொரு பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று ஷெத்லியா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதுவா? மீன் கடைப் பக்கம் போயிருக்கும். அதுக்கென்ன, ஊர் சுத்தி."

ஹாஜர் அம்மாவைப் பார்த்தாள். வடக்கறை வாசலில் ஒரே பட்டாணியை வெகு நேரமாக உரித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். "மத்தி மீன் மிச்சம் இருக்கா?" என்றாள்.

"இருக்கே! பொரிச்சுத் தரவா? ரொட்டி இருக்கு, தொட்டுக்க மிளகா ஹரீஸா இருக்கு."

"வேணாம். நானே எடுத்துக்கறேன்."

தட்டில் மீனை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குள் போனபோது ஷெத்லியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலையில் பசி என்று மகள் வாய்திறந்து எத்தனை நாளாயிற்று! பச்சை மீனை யார் தின்பார்கள் என்று யோசிக்கிற அளவுக்கு அவள் மனம் அப்போது நிதானத்தில் இல்லை.

வாலையின் மூக்கிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. பிறகு நூல்போல நீர் இறங்கியது. முற்றம் முழுக்க வாசம். கண்ணாடிக் குடுவையைச் சரிசெய்துவிட்டு ஷெத்லியா நிமிர்ந்தபோது, அவளுக்கும் அடுப்புக்கும் நடுவே, வால் கம்பாக நிமிர்ந்திருக்க, மிஷ்மிஷா போய்க்கொண்டிருந்தது. வாயில் ஒரு குட்டி. மோன்ஜி நாற்காலியில் தாடை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏய்! நில்லுடி! அங்க போகாத!" என்று ஷெத்லியா கரண்டியோடு பாய்ந்தாள். மிஷ்மிஷா அவசரப்படவில்லை. நேராக ஹாஜரின் அறைக்குப் போய்க் கதவின்முன் நின்றது. கதவு உள்ளேயிருந்து திறந்தது. ஒரு கை நீண்டு, பூனைக்கு வழி விட்டது.

ஷெத்லியா வாசலில் போய் நின்றாள். மேசையின் கீழிழுப்பறையைத் தரையில் எடுத்து வைத்திருந்தாள் ஹாஜர். அதில் பழைய துண்டு. ஏற்கெனவே இரண்டு குட்டிகள் அதில் கிடந்தன. எப்போது கடத்தியதோ! பக்கத்துத் தட்டில் மீன் முள் மட்டும் இருந்தது.

"கதவ நான்தான் தொறந்தேன் உம்மா" என்றாள் ஹாஜர். "பாபாவத் திட்டாத."

"நீயா?"

"பாங்கு சொல்றதுக்கு முன்னாடி அந்தக் கதவப் போட்டுப் பிராண்டிக்கிட்டே இருந்துச்சு. போய்ப் பாத்தேன். என்னப் பாத்து ஒரு கத்து கத்துச்சு. தொறந்துவிட்டேன், உள்ள போயி பூவுல படுத்துச்சு. நான் திரும்புனா மறுபடி கத்துது. இருங்குது. சரின்னு இருந்தேன்."

ஷெத்லியா கரண்டியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தாள். மகள் இத்தனை வார்த்தை பேசுகிறாள். குறுக்கே பேசினால் நின்றுவிடுமோ என்று பயந்து மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

"நாலு பொறந்துச்சு உம்மா. மூணு இல்ல. ரெண்டாவது மூச்சு விடல. துண்டால தேச்சுப் பாத்தேன். வாயில ஊதிப் பாத்தேன். மிஷ்மிஷா வாங்கி நக்கி நக்கிப் பாத்துச்சு. மூக்கால பொரட்டிப் பொரட்டிப் பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம் தானா விட்டுட்டு அடுத்ததப் பாக்கப் போயிருச்சு." ஹாஜர் இழுப்பறையிலிருந்த துண்டின் ஓரத்தை நீவிவிட்டாள். அவள் நகக்கண்ணில் மண் இருந்தது. "அது பாத்துச்சு உம்மா. பாத்துட்டுத்தான் விட்டுச்சு. நான் அத ஒரு கை பூவுல சுத்தி மருப் பாத்தியில வெச்சேன்."

காலையில் அந்த மண்ணைத் திட்டிக்கொண்டே மிதித்தது ஷெத்லியாவின் பாதத்தில் சுட்டது. அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு நீங்க யாரும் காட்டல" என்றாள் ஹாஜர். கோபமாகச் சொல்லவில்லை. "அந்த டாக்டரம்மா கேட்டாங்க, பாக்கிறியான்னு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீ வேணாம்னு சொல்லிட்ட. ஊசி மயக்கத்துலேருந்து நான் கண்ண முழிச்சப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு. பூனைக்குக் கெடச்சது எனக்குக் கெடைக்கல."

"பாத்தா மறக்க மாட்டியேன்னு..." என்றாள் ஷெத்லியா. "நல்லதுன்னு நெனச்சுத்தான்டி சொன்னேன். எல்லாம் என்னாலதான். வாய் அவசரம், கை அவசரம். எட்டாம் மாசமே எள்ள வறுத்தேன் பாரு, அந்தக் கைய ஒடிக்கணும்."

"என்ன எள்ளு?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஜாடிக் கதை முழுவதையும் ஷெத்லியா சொன்னாள். ஹாஜர் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"எள்ள வறுத்தா பிள்ள போயிருமா உம்மா? அப்படின்னா சந்தையில அந்த எள்ளு அல்வாக்காரன் இந்நேரம் நாபுல் பூராவயும் காலி பண்ணியிருப்பானே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. ஷெத்லியா கரண்டியை எறிந்துவிட்டு மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் சத்தமாக அழுதார்கள். குட்டிகளுக்கு நடுவில் படுத்திருந்த மிஷ்மிஷா, என்ன சங்கதி என்று எழுந்து வந்து, ஒருத்தி கன்னத்தை முகர்ந்தது, இன்னொருத்தி காதை முகர்ந்தது, விசேஷம் ஒன்றுமில்லை என்று தன் வேலைக்குத் திரும்பியது.

சத்தம் கேட்டு மோன்ஜி ஓடி வந்தார். பட்டாணிக் கூடை கையிலேயே இருந்தது. வாசலைத் தாண்டி உள்ளே வராமல் நின்றார்.

ஹாஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "பாபா, அன்னிக்கு அடக்கத்துக்கு நீங்கதான ஸ்லீம்கூடப் போனீங்க?"

மோன்ஜி மனைவியைப் பார்த்தார். இத்தனை மாதமாக எந்தப் பேச்சுக்கும் அவளிடம் உத்தரவு கேட்டுப் பழகிய கண். ஷெத்லியா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, நகர்ந்து, பக்கத்தில் அவருக்கு இடம் விட்டாள்.

அவர் வந்து தரையில் உட்கார்ந்தார். "போனேன்" என்றார்.

"அவளப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பாக்காம எப்படிம்மா? என் மடியிலதான வந்தா." கூடையிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்துக்கொண்டார். "ஸ்லீம் ஓட்டுனான். அவ்வளவு மெதுவா ஒருத்தன் வண்டி ஓட்டி நான் பாத்ததில்ல. பின்னாடி வர்றவன் எல்லாம் ஹாரன் அடிக்கிறான். அடிக்கட்டும், நீ இப்படியே போன்னு சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும் துணிய வெலக்கிப் பாத்தேன். எனக்குத் தோணுச்சு, யாராவது ஒருத்தராவது பாத்து வெக்கணும்னு. நீ எப்பவாவது கேப்ப, அன்னிக்குச் சொல்ல ஒரு ஆள் வேணும்ல."

"எப்படி இருந்தா?"

"உன் மூக்கு. நீ பொறந்தப்ப இருந்த அதே மூக்கு, நுனி கொஞ்சம் தூக்குனாப்ல. வாய் ஸ்லீமோட வாய். ஒரு கை வெளிய இருந்துச்சு. விரல் எல்லாம் நீளம் நீளமா இருந்துச்சு. தூங்கற மாதிரிதான் இருந்தா. மொகத்துல ஒரு வலி இல்லம்மா, சத்தியமா." அவர் கையில் பட்டாணித் தோல் ஒன்று கிழிந்து கிழிந்து சின்னதாகிக்கொண்டே போனது. "கப்ருஸ்தான்ல மேற்குச் சுவரோரம், ஒரு ஒலிவ மரம் இருக்கு. அதுக்குக் கீழ. ஸ்லீம் ஞாயித்துக்கெழம இங்க வர்றதுக்கு முன்னாடி அங்க போயிட்டுத்தான் வர்றான். உங்கிட்டச் சொல்லத் தைரியம் இல்ல அவனுக்கு. எனக்கும் இல்ல."

ஹாஜர் தன் மூக்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம ஸ்லீம் இங்க வர வேணாம்னு சொல்லிடுங்க பாபா" என்றாள். "அங்கயே நிக்கச் சொல்லுங்க. நாம போவோம்."

"போவோம்மா. போவோம்."

இழுப்பறையில் குட்டிகள் மாறி மாறி முட்டிக்கொண்டு பால் குடிக்கிற சத்தம் கேட்டது. ஷெத்லியா ஏதோ கேட்க வாயெடுத்தாள். தலைத்துணி ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை முயன்றாள். பேச்சே எடுக்கக்கூடாது என்று வீட்டுக்கே பூட்டுப் போட்டவள் அவள்தான்.

"முடி இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு" என்றார் மோன்ஜி. "நெறைய. கறுகறுன்னு."

"சுருட்டையா?"

"நெத்திகிட்ட மட்டும் சுருண்டிருந்துச்சு. உன்ன மாதிரி."

ஷெத்லியா தலைத்துணியை விலக்கி, நெற்றியோரத்துச் சுருளை விரலால் இழுத்துப் பார்த்தாள். "இப்படியா?" என்று கேட்டாள். "இப்படித்தான்" என்றார் அவர். ஹாஜர் நகர்ந்து வந்து அம்மாவின் நெற்றியை அப்போதுதான் பார்ப்பவளைப்போலப் பார்த்தாள். காது எப்படி, நகம் இருந்ததா, என்ன துணியில் சுற்றினீர்கள் என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். மோன்ஜி ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார்.

முற்றத்திலிருந்து பூ தீய்கிற வாசம் வந்தது. ஷெத்லியாவின் மூக்குக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. "ஏடி ஷெத்லியா, செத்துட்டியா, வாலை கருகுதுடி!" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கத்திக்கொண்டே வஸீலாதான் ஓடி வந்து அடுப்பை அணைத்தாள்.